ஜூனியர் ஸ்லாலம் அணியோடு ஐரோப்பா கிளம்பும்போது: பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

வேகமாக ஓடும் தண்ணீரில் படகோட்டும் கனூ ஸ்லாலம் விளையாட்டில் பிள்ளை ஜூனியர் அணியில் தேர்வாகிவிட்டாள் என்று செய்தி வந்ததும் வீட்டில் முதலில் எழும் கேள்வி, “புதுப் படகு வாங்கணுமா?” என்பதுதான். வேண்டாம் என்பேன். அந்தப் பணத்தை அப்படியே எடுத்து வையுங்கள். போட்டி நடக்கும் அதே தண்ணீரில் பிள்ளை சில நாள் கூடுதலாகத் துடுப்பு போட அது உதவட்டும். விசா, டிக்கெட், வாடகைப் படகு, சாப்பாடு என்று இனி நான் சொல்லப்போகும் எல்லாமே அந்தக் கூடுதல் நாட்களைச் சம்பாதிக்கவும் வீணாக்காமல் இருக்கவும்தான்.

நான் தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் மருந்தாளுநராக இருக்கிறேன். பிறந்தது அம்பாசமுத்திரம். மகள் கே1 பிரிவில், அதாவது ஒருவர் மட்டும் ஓட்டும் கயாக் பிரிவில், ஓட்டுகிறாள். அணியோடு போகும் பெரியவர்களில் ஒருத்தியாகவும் போய் வந்திருக்கிறேன். நான் பார்த்தவரை தமிழ்க் குடும்பங்களிலிருந்து இந்த விளையாட்டுக்கு வருகிற பிள்ளைகள் ரொம்பக் குறைவு. வருகிற ஒன்றிரண்டு பேரின் அம்மா அப்பாவும் “எங்கே தொடங்குவது?” என்று தனித்தனியாகக் கேட்பதால், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

விளையாட்டைத் தெரியாத தாத்தா பாட்டிக்குச் சொல்ல இவ்வளவு போதும். வேகமாக ஓடும் தண்ணீரின் மேல் கம்பிகளில் கம்பங்களாலான கேட்டுகள் தொங்கும். ஒரு பாதையில் 18 முதல் 25 கேட் வரை இருக்கும். பச்சை வெள்ளைக் கம்பம் என்றால் ஓட்டத்தோடு கீழே போக வேண்டும். சிவப்பு வெள்ளை என்றால் ஓட்டத்தை எதிர்த்து மேலே ஏற வேண்டும். கம்பத்தில் உடம்போ படகோ துடுப்போ பட்டால் 2 வினாடி சேரும். கேட்டை விட்டுவிட்டால் 50 வினாடி. தலை முழுதும் படகில் ஒரு பகுதியும் இரண்டு கம்பங்களுக்கு நடுவே சரியான திசையில் போனால்தான் அந்தக் கேட் கணக்கில் வரும். கயாக்கில் உட்கார்ந்து இரட்டைத் துடுப்பு. கனூவில் மண்டியிட்டு ஒற்றைத் துடுப்பு. அவ்வளவுதான்.

ஜூனியர் என்றால் 15 வயது நிறையும் வருடத்திலிருந்து 18 நிறையும் வருடம் வரை. ஜூனியர் உலகப் போட்டி 1986இல் ஆஸ்திரியாவின் ஸ்பிட்டாலில் தொடங்கியது. 2012 முதல் 23 வயதுக்கு உட்பட்டோருக்கும் சேர்த்தே நடக்கிறது. 2022இல் இத்தாலியின் இவ்ரேயா, 2023இல் போலந்தின் கிராக்கோவ், 2024இல் ஸ்லோவாக்கியாவின் லிப்தோவ்ஸ்கி மிகுலாஷ், 2025இல் பிரான்ஸின் ஃபுவா. பெரும்பாலும் ஐரோப்பாதான், பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்ட்தான். நமக்குச் சிக்கல் தொடங்குவதே இந்த மாதக் கணக்கில்தான்.

ஜூலை என்றால் எங்கள் மாகாணமான குவாசுலு நட்டாலில் குளிர்காலம், மழை இல்லாத காலம். அக்டோபரில் தொடங்கி மார்ச் வரை பெய்கிற மழையில் எம்சுண்டூசி, உம்கெனி ஆறுகள் நிறைந்து ஓடும். மே தாண்டினால் பாறை தெரியும். ஆக, பிள்ளை வருடத்தின் மிகப் பெரிய போட்டிக்குப் போகும் நேரத்தில் வீட்டு ஆறு மெலிந்து கிடக்கிறது. எதிரில் வருகிற ஐரோப்பியப் பிள்ளைகளோ பள்ளி விட்டதும் தினமும் அந்தப் பெரிய தண்ணீரில் இறங்குகிறவர்கள். திறமையில் நம் பிள்ளை குறைந்தவள் இல்லை, பழக்கத்தில்தான் இடைவெளி. அந்த இடைவெளியைப் புதுப் படகு நிரப்பாது.

ஒவ்வொரு ஊர்த் தண்ணீருக்கும் ஒரு குணம் உண்டு. இவ்ரேயாவில் ஓடும் டோரா பால்தேயா, மோன் பிளாங் பக்கத்துப் பனியாறுகளிலிருந்து உருகி வருவது. வெயில் சுடும்போதும் கை விறைக்கும். ஸ்லோவேனியாவின் தாட்செனில் அணையை ஒட்டிய சரிவில் இறங்கித்தான் தொடக்கமே. கிராக்கோவில் விஸ்துலா ஆற்றிலிருந்து பிரித்து விட்ட கான்கிரீட் வாய்க்கால். வாய்க்கால் தண்ணீர் நம் ஆற்றைப் போல் ஒரே சீராக வராது. அலை உயர்ந்து தாழ்ந்து துடிக்கும். பாறைக்கும் தடுப்புக்கும் பின்னால் தண்ணீர் திரும்பி மேல்நோக்கி ஓடுமே, பிள்ளைகள் எடி என்பார்களே, அதன் விளிம்பு அங்கே கத்தி மாதிரி கூர்மையாக இருக்கும். எதிரோட்ட கேட்டுக்குள் நுழையும்போது அந்த விளிம்பை எந்தக் கோணத்தில் வெட்டுவது என்பது உடம்புக்குத் தெரிய வேண்டிய விஷயம். காணொளி பார்த்துக் கற்க முடியாது.

அதனால் போட்டிக்கு ஒரு வாரம் முன்பாவது போய்ச் சேரத் திட்டமிடுங்கள். பத்து நாள் கிடைத்தால் இன்னும் நல்லது. பெரும்பாலான தடங்களில் மணிக்கணக்குக்குக் காசு கட்டிப் பயிற்சி நேரம் வாங்கலாம். போட்டி நெருங்க நெருங்க எல்லா நாட்டு அணிகளும் வந்துவிடும், நேரம் கிடைக்காது. அணி மேலாளரிடம் சொல்லி முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். நமக்கு ஒரு பெரிய வசதி உண்டு: கோடையில் மத்திய ஐரோப்பாவின் நேரமும் தென்னாப்பிரிக்க நேரமும் ஒன்றே. ஜோகன்னஸ்பர்க்கில் இரவு ஏறினால் காலையில் இறங்கலாம், தூக்கம் புரளாது. ஆஸ்திரேலிய அணிக்கு இந்தச் சலுகை இல்லை. நம் பிள்ளை விமானம் விட்டு இறங்கிய மறுநாளே தண்ணீரில் இறங்கலாம்.

சரி, காகிதங்களுக்கு வருவோம். அணியில் பெயர் சேர்ப்பது தேசியச் சங்கத்தின் வேலை. நாம் நேரடியாக எதுவும் செய்ய முடியாது. வேலை நிமித்தம் வந்து இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்டில் இருக்கும் குடும்பங்கள், குடியுரிமை விதி என்ன என்பதைத் தேர்வுக்கு முன்பே சங்கத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தேர்வான பிறகு பிள்ளையிடம் “முடியாது” என்று சொல்வது பெரும் கொடுமை.

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவுக்குப் பொதுவாக 15 நாள், சிக்கல் என்றால் 45 நாள் வரை ஆகும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் கேட்க வேண்டும். எல்லா நாட்டுக்கும் டர்பனில் கைரேகை எடுக்க மாட்டார்கள். சிலவற்றுக்குப் பிரிட்டோரியா வரை போக வேண்டியிருக்கும், பள்ளித் தேர்வு நாளோடு மோதாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் கடைசி பத்து வருடத்துக்குள் வாங்கியதாகவும், திரும்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாகவும், இரண்டு பக்கம் காலியாகவும் இருக்க வேண்டும். காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. இங்கே ஒரு விஷயம் கவனியுங்கள்: பல பயணக் காப்பீடுகளில் “போட்டி விளையாட்டு நீங்கலாக” என்று ஒரு வரி இருக்கும். அந்த வரி இருந்தால் அந்தக் காப்பீடு நமக்கு வேண்டாம். இந்த விளையாட்டில் தோள்பட்டை விலகுவது அரிதல்ல.

நிறையப் பேருக்குத் தெரியாத ஒன்று. லாப நோக்கமில்லாத அமைப்பின் சார்பில், அப்படிப்பட்ட இன்னொரு அமைப்பு நடத்தும் விளையாட்டு நிகழ்ச்சிக்குப் போகும் 25 வயதுக்கு மேற்படாதவர்களுக்கு ஷெங்கன் விசாக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய விதியில் இடம் உண்டு. சங்கத்தின் கடிதத்தில் இதைத் தெளிவாக எழுதச் சொல்லி, விண்ணப்பிக்கும்போதே கேளுங்கள். மிச்சமாகும் காசு இரண்டொரு பயிற்சி நேரத்துக்கு ஆகும்.

பதினெட்டு நிறையாத பிள்ளை பெற்றோர் இல்லாமல் நாட்டைவிட்டுப் போக, அம்மா அப்பா இருவரும் கையெழுத்திட்ட சம்மதப் பிரமாணம், இருவரின் அடையாள அட்டை நகல், பெற்றோர் பெயர் உள்ள பிறப்புச் சான்றிதழ், யாரோடு போகிறாளோ அவர் விவரம் எல்லாம் வேண்டும். பிரமாணத்தைப் பக்கத்துப் போலீஸ் நிலையத்தில் காசில்லாமல் முத்திரையிட்டுத் தருவார்கள். அப்பா ஊரில் இருந்தால், சவுதியில் இருந்தால், இதுதான் நாள் இழுக்கும். முதலில் இதை முடியுங்கள்.

இனி படகு. கே1 படகு 3.5 மீட்டர் நீளம். விமானத்தில் கொண்டுபோவதே போராட்டம், உடையாமல் போய்ச் சேருவது அதைவிடப் பெரிய போராட்டம். ஐரோப்பாவில் படகு செய்கிறவர்களிடமே வாடகைக்குக் கிடைக்கும். பிள்ளையின் எடையைக் கேட்பார்கள். ஹெல்மெட், லைஃப் ஜாக்கெட், ஸ்பிரே டெக் (படகுக்குள் தண்ணீர் புகாமல் இடுப்பைச் சுற்றி மூடும் உறை) எல்லாம் மாட்டிக்கொண்டு தராசில் ஏற்றிப் பார்த்துச் சொல்லுங்கள். பதினாறு வயதுப் பிள்ளை மூன்று மாதத்தில் எடை கூடிவிடும். ஏப்ரலில் எழுதிக் கொடுத்ததை ஜூனில் ஒரு முறை சரிபாருங்கள்.

துடுப்பு மட்டும் பிள்ளையின் சொந்தத் துடுப்பாக இருக்கட்டும். கை பழகிய கோணமும் பிடியும் வாடகைக்குக் கிடைக்காது. இரண்டு எடுத்துப் போங்கள். கே1 துடுப்பு சுமார் இரண்டு மீட்டர் வரும் என்பதால் டிக்கெட் எடுக்கும்போதே நீளச் சாமான் என்று விமானக் கம்பெனியிடம் பதிவு செய்துவிடுங்கள், கிளம்பும் நாளில் கவுண்ட்டரில் நின்று வாதாட வேண்டாம். ஸ்பிரே டெக்கும் எடுத்துப் போகலாம், ஆனால் வாடகைப் படகின் காக்பிட் (உட்காரும் குழி) விளிம்பு அளவு என்ன என்று கேட்டுக்கொண்டு. விளிம்பு வேறு, டெக் வேறு என்றால் முதல் அலையிலேயே பிய்த்துக்கொண்டு தண்ணீர் உள்ளே வரும்.

வாடகைப் படகை உடம்புக்குப் பொருத்துவதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பாதி அணிகள் இதில்தான் முதல் இரண்டு நாளைத் தொலைக்கின்றன. கிளம்புவதற்கு முன் வீட்டுப் படகில் இஞ்ச் டேப்பை வைத்து நான்கு அளவு எடுங்கள்: காக்பிட் முன்விளிம்பிலிருந்து இருக்கையின் முன்விளிம்பு வரை, இருக்கை அடித்தளத்திலிருந்து எவ்வளவு உயரம், இருக்கையிலிருந்து கால் வைக்கும் கட்டை வரை, இடுப்பின் இரு பக்கமும் உள்ள ஃபோம் எவ்வளவு தடிப்பு. டேப் தெரியும்படி ஒவ்வொன்றையும் ஃபோனில் படம் எடுங்கள். அங்கே போய் அந்த அளவுக்கு வைத்த பிறகு, அசையாத தண்ணீரில் பிள்ளையை உட்கார வைத்துக் கரையில் படுத்துக்கொண்டு பக்கவாட்டில் பாருங்கள். மூக்கும் வாலும் சமமாக இருக்கிறதா? இந்தக் காலப் படகுகளின் வால் ரொம்ப மெல்லியது. இருக்கை ஒரு சென்டிமீட்டர் பின்னால் போனாலும் திருப்பத்தில் வால் ஆழமாகப் போய்ப் படகு நட்டுக்கொள்ளும். சில படகில் இருக்கையை நகர்த்தலாம், சிலவற்றில் ஒட்டியே இருக்கும். வாடகை பேசும்போதே கேளுங்கள்.

இடுப்பு ஃபோமை உடனே ஒட்டாதீர்கள். முதல் நாள் டக்ட் டேப் போட்டு நிறுத்தி ஒரு பயிற்சி முடிக்கட்டும். வலது இடுப்பில் இடிக்கிறது, இடது பக்கம் லொடலொடவென்று இருக்கிறது என்று பிள்ளை வந்து சொல்லும். அந்த இடத்தைக் கத்தியால் சீவி, முரட்டு உப்புத்தாளால் தேய்த்து, திரும்ப உட்கார வைத்து, படகை வலமும் இடமும் சாய்க்கச் சொல்லுங்கள். இடுப்பு அசைந்தவுடன் படகு அசைய வேண்டும், நடுவே ஒரு இம்மி காலி இருக்கக் கூடாது. அதே சமயம் தொடை மரத்துப் போகவும் கூடாது. சரியானதும் காண்டாக்ட் பசையை இரு பரப்பிலும் தடவி, கையில் ஒட்டாத அளவு காய விட்டு, அழுத்தி ஒட்டி, இரவு முழுக்க விட்டுவிடுங்கள். பசையை இங்கிருந்து எடுத்துப் போகாதீர்கள்; தீப்பிடிக்கும் சாமான் என்று விமானத்தில் விடமாட்டார்கள். எபாக்சியும் அங்கேயே வாங்குங்கள். ஃபோம், உப்புத்தாள், டக்ட் டேப், கார்பன் துணித் துண்டு, எல்லாம் பெட்டியில் வரலாம். கனூ ஓட்டும் பிள்ளைக்கு முழங்கால் ஃபோமும் தொடைப் பட்டையும்தான் உயிர். மண்டியிட்டு எத்தனை நிமிடத்தில் பாதம் மரக்கிறது என்று பாருங்கள்.

படகை வேனின் மேல் கட்டும்போது, பல்சக்கரம் வைத்து இறுக்கும் ராட்செட் பட்டை வேண்டவே வேண்டாம். ஒரு இழுப்பில் கார்பன் படகு நொறுங்கும். சாதாரணக் கொக்கிப் பட்டை போட்டுக் கையால் இறுக்குங்கள். ஓட்டுநருக்குச் சர்வதேச அனுமதியும் வேண்டும். அங்கே வலது பக்கம் ஓட்டுகிறார்கள், இரவில் தரையிறங்கிய கையோடு ஓட்ட வேண்டாம்.

மருந்து விஷயத்தில் என் தொழில் பேசுகிறது, பொறுமையாகப் படியுங்கள். எம்சுண்டூசியில் பழகும் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வருவது எங்கள் ஊரில் சகஜம். அதற்கு டூசி கட்ஸ் என்றே பெயர். ஊர்க் கழிவுநீர் ஆற்றில் கலப்பதுதான் காரணம். பயணத்துக்கு முந்தைய வாரங்களில் மழை பெய்து ஆறு கலங்கியிருந்தால் இறங்க வேண்டாம், நீர்த்தேக்கத்தில் பழகட்டும். தாழ்வான பகுதி ஆறுகளில் பில்ஹார்சியா உண்டு. சோர்வு விடாமல் இருக்கிறது, சிறுநீரில் ரத்தம் தெரிகிறது என்றால் டாக்டரிடம் காட்டிப் பரிசோதியுங்கள். பிராசிகுவான்டெல் என்ற மாத்திரையில் குணமாகும். இதையெல்லாம் ஒரு மாதம் முன்பே பார்த்துவிட வேண்டும்.

ஊக்கமருந்துப் பரிசோதனை ஜூனியர்களுக்கும் உண்டு. சளிக்கு நாம் கடையில் வாங்கும் பல மாத்திரைகளில் சூடோஎஃபெட்ரின் இருக்கிறது. சிறுநீரில் ஓரளவுக்கு மேல் போனால் போட்டிக் காலத்தில் தடை. பிரெட்னிசோலோன் மாத்திரையும் போட்டிக் காலத்தில் தடை. ஆஸ்துமாவுக்கு இழுக்கும் சால்புட்டமால் 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராம் வரை, எந்த 8 மணி நேரத்திலும் 600க்கு மேற்படாமல், அனுமதி உண்டு. பிள்ளை எந்த மருந்தை எடுத்தாலும் தென்னாப்பிரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பிடம் சரிபார்த்து, தேவையானால் மருத்துவ விலக்குக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

அடுத்தது லேகியம். ஊரிலிருந்து ஆச்சி பாசத்தோடு அனுப்பியிருப்பார். எதில் என்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதாத எந்தப் பொடியும் லேகியமும் போட்டிக்குப் போகும் பிள்ளையின் வாயில் படக் கூடாது. அம்பாசமுத்திரத்திலிருக்கும் என் அம்மாவிடம் இதை ஃபோனில் சொல்ல எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. “சுக்கும் மிளகும் கூடவா தடை?” என்று கேட்டார். இல்லை அம்மா, அடுக்களையில் இருக்கும் சுக்கு, மிளகு, மஞ்சள் தாராளமாகத் தரலாம், பெயர் தெரியாத டப்பாதான் வேண்டாம் என்றேன். புரிந்துகொண்டார். பெரியவர்களிடம் காரணத்தோடு சொன்னால் கேட்பார்கள். பரிசோதனைக்கு அழைத்தால் பதினெட்டு நிறையாத பிள்ளையோடு ஒரு பெரியவர் போகலாம். கட்டாயம் போங்கள், அந்த அறையில் பிள்ளையைத் தனியே விடாதீர்கள்.

சாப்பாட்டில் முதல் விதி: ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டுப் பயணி இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோகக் கூடாது. காய்ந்த இறைச்சியான பில்டாங் கூடாது, நெய் கூடாது, நெய்யில் செய்த இனிப்பும் வேண்டாம். பச்சைக் கறிவேப்பிலையும் தடுக்கப்படும்; காயவைத்துப் பொடியாக்கிக் கொண்டுபோங்கள். அரிசி, பருப்பு, ரசப்பொடி, பருப்புப்பொடி, எண்ணெய் ஊறுகாய் எல்லாம் போகும். எங்கள் தெருவில் இருக்கும் ஆயா, தமிழ் அவ்வளவாகப் பேச வராதவர், மாங்காய் ஊறுகாயை மூன்று அடுக்கு உறையில் கட்டி “சாமி, பிள்ளைங்களுக்குக் குடு” என்று கொடுத்தார். அணியில் இருந்த எல்லாப் பிள்ளைகளும் தமிழர் அல்லாதவர்களும் அதைத் தொட்டுத் தின்றார்கள். சின்ன மின் குக்கர் ஒன்று போதும். நம் ஊரின் பெரிய மூன்று உருண்டைக் கம்பி பிளக் அங்கே பொருந்தாது, அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள். போட்டியன்று காலை தயிர்சாதமோ, பருப்பும் சோறுமோ, வீட்டில் எது பழக்கமோ அதுவே. இரண்டு மணி நேரம் முன்னால் முடித்துவிட வேண்டும். புது ஊர்ச் சாப்பாட்டை ருசி பார்ப்பது எல்லாம் முடிந்த பிறகு. ஆடி மாதம் என்பதால் வீட்டில் மாரியம்மன் கஞ்சி, விரதம் என்று வரும். பிள்ளையின் விரதத்தை இந்த வருடம் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

தடத்துக்கு வந்த பிறகு நடப்பவை வேகமாக நடக்கும். முதலில் சாமான் சோதனை. படகின் நீளம், அகலம், எடை பார்ப்பார்கள். மூக்கும் வாலும் உருண்டையாக இருக்கிறதா, முன்னும் பின்னும் பிடிப்பு இருக்கிறதா, உள்ளே காற்றுப் பை இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். லைஃப் ஜாக்கெட்டில் சுமார் ஆறு கிலோ உலோகத்தைக் கட்டித் தண்ணீரில் போடுவார்கள், மிதக்க வேண்டும். பழைய ஜாக்கெட்டின் ஃபோம் வருடத்துக்கு வருடம் அமுங்கிப்போகும், வீட்டிலேயே வாளி நிறையத் தண்ணீர் போதாது, நீச்சல்குளத்தில் சோதித்துப் பாருங்கள். தேறிய சாமானில் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், அதைப் பிய்க்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். மூக்குத்தி, தோடு எல்லாம் வீட்டிலேயே கழற்றிவிடுவது நல்லது.

பந்தயத்துக்குரிய கேட்டுகளைத் தொங்கவிட்ட பிறகு போட்டியாளர் யாரும் அதில் துடுப்பு போட முடியாது. வேறு சிலர் அந்தப் பாதையில் ஓட்டிக் காட்டுவார்கள், அதைக் கரையிலிருந்து பார்ப்பதுதான் ஒரே வாய்ப்பு. கோச் காணொளி எடுப்பார். அப்புறம் பிள்ளைகள் கரையோரமாக நடந்து ஒவ்வொரு கேட்டுக்கும் எதிரில் நின்று கண்ணை மூடி, இல்லாத துடுப்பைப் பிடித்தபடி கையை ஆட்டுவார்கள்: இரண்டு இழுப்பு, வலது பக்கம் சாய், இடது துடுப்பை ஊன்று, மேலே பார். முகத்தில் அவ்வளவு தீவிரம் இருக்கும். அந்த நேரத்தில் தண்ணீர் பாட்டில் நீட்டவோ, ஊரிலிருந்து வந்த வாட்ஸ்அப் வாழ்த்தைக் காட்டவோ பக்கத்தில் போகாதீர்கள். என் மகள் பாதையை என்னிடம் ஒரு முறை சொல்லிப் பார்ப்பாள். “அம்மா, பதினொன்னுல எடிக்கு ரொம்ப மேல நுழையணும், இல்லேன்னா பன்னிரண்டு போயிடும்.” சரி கண்ணு என்று கேட்டுக்கொள்வதோடு என் வேலை முடிந்தது. திருத்துவது கோச்சின் வேலை.

ஓட்டத்தின்போது கரையிலிருந்து கத்தலாம், தடையில்லை. மைக்கிலோ வயர்லெஸ்ஸிலோ வழிசொல்லக் கூடாது. துடுப்பு தவறிப் போனால் வேறொன்றை எறிந்து கொடுக்கவும் கூடாது. படகு கவிழ்ந்து, உள்ளே இருந்தபடியே புரண்டு (ரோல் போட்டு) எழுந்தால் ஓட்டம் தொடரும். படகைவிட்டு வெளியே வந்துவிட்டால் அந்த ஓட்டம் அதோடு முடிந்தது. கவிழ்ந்து தண்ணீரில் போகும் பிள்ளையைப் பார்த்துக் கரையில் ஓடாதீர்கள், கயிறோடு மீட்பாளர்கள் நிற்கிறார்கள், நம்மைத் தடுத்து நிறுத்துவதில் அவர்கள் கவனம் சிதறும்.

பலகையில் வரும் 2, 50 எல்லாவற்றையும் கேட் எண்ணோடு ஒருவர் எழுதிக்கொண்டே வர வேண்டும். தொடாத கம்பத்துக்கு 2 போட்டிருந்தால், தாண்டிய கேட்டுக்கு 50 போட்டிருந்தால், அணித் தலைவர் எழுத்தில் விசாரணை கேட்கலாம். அதற்குச் சில நிமிடமே நேரம். அதனால் இரண்டு பேர் இரண்டு இடத்தில் நின்று காணொளி எடுங்கள், எதிரோட்ட கேட்டுகள் நன்றாகத் தெரியும் கோணத்தில். அம்மா அப்பா நீதிபதியிடம் நேரில் போய்ப் பேசுவது கூடவே கூடாது. அது அணிக்குத்தான் கெடுதல்.

கயாக் கிராஸ் என்ற புதுப் பிரிவும் இருக்கிறது, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் முதல் முறை வந்தது. நான்கு பேர் ஒரே நேரத்தில் உயரமான மேடையிலிருந்து படகோடு தண்ணீரில் குதித்து, ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு போவது. பிளாஸ்டிக் படகு வேறு, வாடகையும் வேறு. பிள்ளைக்கு மேடையிலிருந்து குதித்துப் பழக்கம் இல்லை என்றால் முதல் வருடம் விட்டுவிடலாம் என்பது என் எண்ணம். அந்தத் தெம்பையும் பயிற்சி நேரத்தையும் கே1க்கே கொடுக்கட்டும்.

ஓட்டம் கெட்டுப்போன பிள்ளை கரைக்கு வரும்போது என்ன பேசுவது என்று எல்லாப் பெற்றோரும் கேட்கிறார்கள். எதுவும் பேச வேண்டாம். துண்டைக் கொடுங்கள், படகின் ஒரு முனையைத் தூக்குங்கள், சூடாகக் குடிக்கக் கொடுங்கள். குளிர்ந்த தண்ணீரிலிருந்து வந்த உடம்பு முதலில் சூடாகட்டும். அவளாகவே பேசத் தொடங்குவாள். “எவ்வளவு செலவு செஞ்சு வந்தோம்” என்ற வாக்கியத்தை அந்த ஊரில் யாரும் உச்சரிக்கக் கூடாது. சொன்னால் அடுத்த ஓட்டத்தில் பிள்ளை கேட்டைப் பார்க்காது, உங்கள் முகத்தைத்தான் பார்க்கும். தகுதிச்சுற்றோடு வெளியேறினாலும் கிளம்பிவிடாதீர்கள். மற்றவர்களின் அடுத்த சுற்றுகளை இறுதி வரை முழுதாகப் பார்க்கட்டும். தான் திணறிய அதே கேட்டில் செக் பிள்ளையும் பிரெஞ்சுப் பிள்ளையும் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பது பெரிய பாடம். போட்டி முடிந்த மறுநாள் தடம் திறந்திருந்தால், இன்னும் ஒரு பயிற்சி நேரம் வாங்கிக் கொடுங்கள். பதற்றம் இல்லாமல் ஓட்டும் அந்த ஒரு மணி நேரத்தில் பிள்ளைகள் கற்பதைப் பார்த்து நானே அசந்திருக்கிறேன்.

திருப்பிக் கொடுக்கும் முன் வாடகைப் படகைக் கழுவி, வாங்கும்போது எடுத்த படத்தையும் இப்போதைய படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள், முன்பணம் தகராறில்லாமல் வரும். நீங்கள் ஒட்டிய ஃபோமை எடுக்க வேண்டுமா விட வேண்டுமா என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ஊர் திரும்பும் விமானத்திலேயே ஒரு தாளில் எழுதிவிடுங்கள்: எந்தப் படகு, இருக்கை அளவு என்ன, எந்தப் பயிற்சி நேரம் எவ்வளவு காசு, தங்கிய இடத்திலிருந்து தடம் எவ்வளவு தூரம், எந்தக் கடையில் பசை கிடைத்தது. வீடு வந்தால் பள்ளி மூன்றாம் பருவம் தொடங்கியிருக்கும், எழுத நேரம் இருக்காது. அந்தத் தாளின் நகல் ஒன்றைக் கிளப்பில் கொடுத்துவிடுங்கள், அடுத்த வருடம் வேறொரு வீட்டுப் பிள்ளை கிளம்பும்.